ராரோடோங்காவுக்கு இரண்டு டிக்கெட்

பார்லர் அக்கா கடையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அது எந்த வருஷத்துக் காலண்டர் என்று கேட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேதி பார்க்கவா அதை மாட்டி வைத்திருக்கிறாள்? மேலே இருக்கிற படத்துக்காக அல்லவா மாட்டியிருக்கிறாள்! பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு கடல். அலையே கிடையாது. தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கிறது. தண்ணீருக்குள் மரக்கால் ஊன்றி நிற்கிற ஓலைக்கூரைக் குடில்கள். ஓரத்தில் ஒரு தென்னை, கரைக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு வளைந்து நிற்கிறது.

முடி வெட்டிக்கொள்ள வந்து உட்காருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் மூஞ்சியைப் பார்க்கிறார்களோ இல்லையோ, முதுகுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் படத்தைப் பார்த்துவிடுவார்கள். "எந்த ஊருக்கா இது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. பாலினேசியா என்று ஆரம்பிப்பாள். கத்தரிக்கோல் ஒரு பக்கம் நடக்கும், வாய் ஒரு பக்கம் நடக்கும். பசிபிக் கடலுக்கு நடுவில் சிதறிக் கிடக்கிற தீவுகள், தஹிதி, போரா போரா, சமோவா, டோங்கா என்று வரிசையாக வரும். கேட்டவர் எழுந்து போகும்போது தலைமுடியும் குறைந்திருக்கும், உலக ஞானமும் கூடியிருக்கும். இரண்டுக்கும் ஒரே கூலிதான் வாங்குவாள், பாவம்.

"பாப்பா படிச்சு முடிக்கட்டும், அப்புறம் நாம ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்" என்று லிஃப்ட்காரர் எப்போதோ ஒரு தடவை வாயைக் கொடுத்திருந்தார். லிஃப்ட்காரர் அவள் புருஷன். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பழுது பார்த்துத்தான் ஓடுகின்றன. சொன்னவர் மறந்தார். கேட்டவள் மறப்பாளா? மகள் கடல் தாண்டிப் போய்ப் படித்து, பட்டம் வாங்கி, அங்கேயே வேலையிலும் உட்கார்ந்துவிட்டாள். இனி என்ன தடை?

பார்லர் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதையும் ஒருதரம் மனதில் வைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்கிறவள் அவள். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று சின்ன வயதிலேயே ஒரு பெரிய சலூனில் தரை கூட்டப் போனாள். விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டே, அது எப்படி விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதலில் வெட்டியது தன் தம்பி தலையை. அந்தப் பையன் அதற்கப்புறம் வெகுநாள் தொப்பியோடு திரிந்தான். இன்றைக்கு டாக்சி ஓட்டுகிற ஆளாகி, தலையில் பாதி வழுக்கை விழுந்த பின்னும் "என் தலையில கை வெச்சவ நீ" என்று அக்காவைச் சொல்லிக் காட்டுவான்.

பிறகு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய் முடி திருத்திவிட்டு வர ஆரம்பித்தாள். அப்படிப் போன ஒரு நாளில்தான் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றது, விளக்கு அணைந்தது. இவள் சும்மா இருப்பாளா? கத்தித் தீர்த்துவிட்டாள். சீப்பால் கதவை அடித்ததில் சீப்பு உடைந்தது. அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"உள்ள யாரு?"

"நான் யாருன்னு சொன்னாத்தான் திறப்பியா? திறய்யா!"

"கதவைத் தட்டாதீங்க. தட்டினா கைதான் வலிக்கும். கீழ உக்காருங்க. கையில பை இருக்கா? உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லுங்க."

திருட்டுப் பயலாக இருப்பானோ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனாலும் அந்தக் குரலை மீற முடியவில்லை. இருட்டில் தடவித் தடவிச் சொன்னாள். ஒரு கத்தரிக்கோல். முழுசாக ரெண்டு சீப்பு, உடைந்தது ஒன்று. ஒரு டப்பா ஹேர்பின். பாதி தின்ற பன்.

"மீதிப் பாதியையும் தின்னுடுங்க. இன்னும் நேரம் ஆகும். சீக்கிரம் திறந்துடுவேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். கதவு திறந்தபோது வெளிச்சத்தில் மூக்கு நுனியில் கறுப்பு எண்ணெயோடு ஒரு ஒல்லி ஆள் குனிந்து கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து ஏறி வந்து சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை. "உங்க முடிய எவன் வெட்டினான்? கோணலா இருக்கு." அன்றைக்கு அவள் கைக்கு வந்த தலை அது. வேறு யாரும் இதுவரை தொட்டதில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் தன் தொழில் ரகசியத்தை அவர் சொல்லியிருக்கிறார். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லவே கூடாது. சொன்னா, பயப்படற மாதிரி என்னமோ இருக்குன்னு ஆயிடும். பொய் சொல்லக் கூடாது. எடுத்தவுடனே கதவை நெம்பக் கூடாது. கைக்கு ஒரு வேலை குடுக்கணும். அடுத்தது என்ன நடக்கும்னு ஒண்ணொண்ணா சொல்லணும். அவ்வளவுதான்."

முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் இப்படி உண்மை பேசுகிற மனுஷன், தன் பெண்டாட்டியிடம் மட்டும் ஏன் அத்தனை புளுகு புளுகினார் என்பதுதான் கதை.

தீவுக்குப் போவது என்று பேச்சு எடுத்ததும் அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். "ஆகா, தாராளமா போலாம்" என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு தீவாகச் சோதனை போட ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்து, கை கழுவி, சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் படிப்பார். தம்பி சாப்பிட வந்திருந்தால் அவனும் கூட உட்கார்ந்துகொள்வான். அவன் வராத நாள் எது?

"தஹிதில வண்டி நெரிசல் அதிகமாம். இங்க பார்க்காத நெரிசலா? அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?"

"சரி, போரா போரா" என்றாள் அவள். காலண்டரில் இருப்பது அதுதான் என்பது அவள் கட்சி.

"அந்தக் குடிலோட கால் மரக்கால்மா. நிக்கிறது உப்புத் தண்ணியில. எப்பப்போ செக் பண்றாங்கன்னு எங்கயாவது போட்டிருக்கானா பாரு. போடல! ராத்திரி தூங்கிட்டிருக்கும்போது ஒரு கால் இத்துப்போச்சுன்னா?"

"டோங்கா?"

"எரிமலை."

"சமோவா?"

"நல்ல ஊருதான். ஆனா புயல் அடிக்கும்."

"நாம போறப்ப அடிக்காது."

"அடிக்காதுன்னு உனக்கு எழுதிக் குடுத்தாங்களா?"

ஒருநாள் அவருக்குப் பெரிய புதையலே கிடைத்தது. அந்தப் பக்கத்துத் தீவுகள் சிலவற்றுக்குப் போகும்போது நடுக்கடலில் ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும் என்று படித்துவிட்டார். மேசையில் தட்டினார். "பார்த்தியா? கிளம்பின நாளுக்கு முந்தின நாள் போய் இறங்கறதா? அது என்ன கணக்கு? நேத்திக்குப் போய் நான் என்ன பண்றது?"

"ஒரு நாள் வயசு குறையுதுல்ல, நல்லதுதானே?" என்றாள் அவள். "பார்லர்ல இதைச் சொன்னா ஒரு கூட்டமே கிளம்பி வரும்."

"மாமா, நீங்க சோத்துல கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கறீங்க" என்றான் தம்பி.

"நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? கப்பல்ல போலாமே. அவசரம் இல்லாம, காத்து வாங்கிட்டே."

"கப்பலா! போய்ச் சேர்றதுக்குள்ள லீவு முடிஞ்சிடும். கரையைத் தொட்டுட்டு அப்படியே திரும்பிட வேண்டியதுதான், நீச்சல் போட்டி மாதிரி."

கப்பல் பேச்சைக் கேட்டபோதாவது பார்லர் அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இவருக்கு எதையும் முழுசாகச் சோதிக்காமல் ஏறிப் பழக்கமில்லை, தொழில் புத்தி, என்று நினைத்துக்கொண்டாள். அவளும் விடுகிறவள் இல்லை. கடையில் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கேட்டு, ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ராரோடோங்கா. அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவளுக்கு வாயெல்லாம் பல்.

"அதுவும் பாலினேசியாதான். சின்னத் தீவு. சுத்தி ஒரே ரோடு. ஒரு பஸ் வலது பக்கமா சுத்தும், இன்னொண்ணு இடது பக்கமா சுத்தும். வழி தவறவே முடியாது. எரிமலை நெருப்பு இல்ல. தங்கற இடம் தரையில இருக்கு, மரக்கால் இல்ல. புயல் மாசத்துல நாம போகல. அப்புறம் கேளுங்க, அங்க தென்னை மரத்தைவிட உசரமா யாரும் கட்டடம் கட்டறதில்லையாம்!"

தம்பி கைதட்டினான். "அப்ப லிஃப்டே இருக்காது! மாமா, உங்க போன் அடிக்கவே அடிக்காது!"

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "லிஃப்ட் இல்லாத ஊர்ல மனுஷன் என்ன பண்ணுவான்?"

"படுத்துக் கிடப்பான்" என்றாள் அவள். "அதுக்குத்தானே போறோம்?"

கடைசியாக லீவு கிடைக்காது என்றார். அவள் அவருடைய மேலதிகாரிக்கே போன் போட்டாள். "தயவுசெஞ்சு எங்கயாவது கூட்டிட்டுப் போங்கம்மா, அவர் லீவெல்லாம் எடுக்காமயே வீணாப் போகுது" என்றார் அந்த நல்ல மனுஷர். அன்று இரவு லிஃப்ட்காரர் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கெல்லாம் விடை ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்தது. நகரத்து நடுவில் இருக்கிற பெரிய டவரின் மேனேஜருடைய மனைவி தலைக்குச் சாயம் போட வந்திருந்தாள். பொல்லாதவள் இல்லை, வாய்தான் ஓயாது. தலை நிறையச் சாயத்தைப் பூசிக்கொண்டு, காலண்டரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அது சரி, உங்க வீட்டுக்காரர் எப்படி வருவார்? விமானத்துலயா? அவருக்குத்தான் ஆகாதே!"

"யாரு சொன்னா?"

"என் வீட்டுக்காரர்தான். உங்க பொண்ணு பட்டம் வாங்கினப்போ, பெட்டியைத் தூக்கிட்டு வந்து எங்க பில்டிங் உச்சியில மெஷின் ரூம்ல உக்காந்திருந்தாராமே? இவர்தான் டீ வாங்கிக் குடுத்திருக்கார். 'ஏன்யா போகல?'ன்னு கேட்டா, 'அது எதுல தொங்குதுன்னே தெரியல சார், எப்படி ஏறுறது?'ன்னாராம். ஐயோ, உங்களுக்குத் தெரியாதா?"

பார்லர் அக்காவின் கை அப்படியே நின்றது.

மகள் பட்டம் வாங்கிய கதையை அவள் இந்தக் கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! கிளம்புகிற நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. டவர் லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள், அதில் ஒருத்தி நிறைமாத கர்ப்பிணி. "நீ போ, நான் அடுத்த விமானத்துல வந்துடறேன்" என்று ஓடினார். வரவே முடியவில்லை. படத்தில் மகள் கறுப்பு அங்கியோடு நடுவில் நிற்கிறாள், ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் காலி. அந்தக் காலி இடத்தைக் காட்டிக் காட்டி, "பெத்த பொண்ணைவிட ஊரார் உசிரு பெருசுன்னு நின்னாரு" என்று பெருமை அடித்திருக்கிறாள். அதோடு விட்டாளா? அந்தக் கர்ப்பிணிக்கு என்ன குழந்தை பிறந்தது என்று விசாரித்தாள். பெண் குழந்தை என்று அவர் கூசாமல் சொன்னார். உடனே போய்ப் பூப்போட்ட கவுன் ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்தனுப்பினாள். குழந்தைக்கு அளவு சரியாக இருந்தது என்று வேறு வந்து சொன்னாரே, படுபாவி!

சாயத்தைக் கழுவ மறந்துபோனாள். மேனேஜர் மனைவியின் தலை அன்று கரியாகக் கறுத்துத்தான் வீட்டுக்குப் போனது.

கடையைச் சாத்திவிட்டு அவள் அழுதாள். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பயம் என்றால் பயம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனாள். போனால், மனுஷன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பவழப்பாறை காலைக் கிழித்தால் என்ன மருந்து போட வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார். அவள் வெட்டிவிட்ட தலை, விளக்குக்குக் கீழே குனிந்திருந்தது. கேட்டால் இன்னொரு கர்ப்பிணியைக் கொண்டுவருவார் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறார். எடுத்தவுடனே நெம்பக் கூடாது.

அதனால் தம்பியிடம் சொல்லி இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள். மேசையில் வைத்தாள்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போவேன். உங்க சீட்டு காலியாப் பறக்கும்."

"சே சே, என்ன பேச்சு இது? வராம என்ன?" என்றார், டிக்கெட்டைத் தொடாமல்.

வாய்தான் அப்படி வீறாப்பாகப் பேசியது. தனியாகப் போய் அந்தத் தட்டுக் கடலில் நிற்க அவளுக்குத் துளியும் ஆசையில்லை. இன்னொரு படம், இன்னொரு காலி இடம். அதற்கா இத்தனை வருஷம் அந்தக் காலண்டரை மாட்டி வைத்திருந்தாள்? அவராக வாய் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பெட்டி கட்டும் நாளிலும் காத்திருந்தாள். அவர் பெட்டி கட்டினார், மருந்து வாங்கினார், வீட்டுக் குழாயை எல்லாம் இறுக்கி மூடினார். அதைத் தவிர வாயே திறக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், தாங்கள் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்டைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டார். "நாம இல்லாதப்போ யாரும் மாட்டிக்கக் கூடாதுல்ல" என்றார்.

கிளம்பும் காலையில் தம்பி டாக்சியைக் கீழே நிறுத்தி ஹார்ன் அடித்தான். லிஃப்ட்காரர் இரண்டு பெட்டிகளையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். வீட்டைப் பூட்டி, எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, இவள் படி இறங்கினாள். கீழே தம்பி இருக்கிறான், டாக்சி இருக்கிறது. அவரைக் காணோம்.

"ஏம்மா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "லிஃப்ட் நின்னுபோச்சு! ரெண்டாவது மாடிக்குப் பக்கத்துல! நீ கிளம்பு, நேரமாச்சு, நான் எப்படியாவது அடுத்த விமானத்துல வந்துடறேன்!"

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் அப்பவே நினைச்சேன், மாமா கம்பி நீட்டிடுவாருன்னு. கம்பெனிக்குப் போன் போடட்டுமா?"

"கம்பெனியே உள்ளதான் இருக்கு. நீ வண்டியில இரு" என்றாள்.

ஏறிப் போய் இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, கதவோரம் வாயை வைத்துக் கேட்டாள்.

"உள்ள யாரு?"

"யாருன்னா? நான்தாம்மா."

"கதவைத் தட்டாதீங்க. தட்டினா கைதான் வலிக்கும். கீழ உக்காருங்க."

"என்ன விளையாட்டு இது? விமானம் போயிடும், நீ கிளம்பு."

"உக்காந்தாச்சா?"

துணி உரசுகிற சத்தம் கேட்டது. "உக்காந்துட்டேன்."

"பெட்டியைத் திறங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லுங்க."

உள்ளே பெட்டியின் ஜிப் இழுபட்டது.

"நீச்சல் டவுசர், புதுசு. ரெண்டு தொப்பி, உன்னுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. பவழப்பாறை குத்தாம இருக்க ரப்பர் செருப்பு, ரெண்டு ஜோடி. புண்ணுக்கு மருந்து. என் துண்டு."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வரக்கூடாது என்று நினைக்கிறவன் தனக்கும் சேர்த்து ரப்பர் செருப்பு வாங்குவானா? இந்த ஆள் வரத்தான் ஆசைப்பட்டிருக்கிறார். ஏற முடியவில்லை, அவ்வளவுதான்.

"அப்புறம்?"

"ஒரு சட்டை."

"எந்தச் சட்டை?"

"வெள்ளையில நீலக் கோடு போட்டது."

அப்படி ஒரு சட்டையை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கிற சட்டை எல்லாம் அவள் தேய்த்தவைதான். "அது எப்ப வாங்கினீங்க?"

"பாப்பா பட்டம் வாங்கறப்போ போட்டுக்கலாம்னு வாங்கினது. பின்னு கூட இன்னும் எடுக்கல."

அவள் திட்டு வைத்திருந்த இடமெல்லாம் காலியாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கர்ப்பிணி?"

"யாரும் மாட்டிக்கலம்மா அன்னிக்கு." மூச்சை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது. "குழந்தையே கிடையாது. அந்தக் கவுன் என் லாக்கர்ல இருக்கு."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"டவர் மேனேஜர் சம்சாரம் தலைக்குச் சாயம் போட வந்ததுல இருந்து."

"அப்ப ஏன் நீ கேக்கல?"

"எடுத்தவுடனே நெம்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று கதவுக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கும்மா. இந்தப் பெட்டின்னா அத்தனை கயிறு கட்டித் தொங்குது. அத்தனையும் அறுந்தாலும் பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும். நானே மாட்டினது. அது எதுல தொங்குது, சொல்லு?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் முடி வெட்டறவ. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன். ஆடும், அது மட்டும் தெரியும். பாப்பாவைப் பார்க்கப் போறப்போ நல்லாவே ஆடிச்சு. நானும் பயந்துபோயி, பக்கத்து சீட்டுல இருந்த யாரோ ஒரு ஆளு கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் யாருன்னே தெரியாது, நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கை உங்க கையா இருந்திருக்கணும். அதுக்குத்தான் எனக்குக் கோபம். நீங்க பயந்ததுக்கு இல்ல."

கீழே தம்பி ஒரு முறை ஹார்ன் அடித்தான்.

"இப்ப என்ன நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள். "நீங்க கீழ வருவீங்க. தம்பி ஏதாவது கிண்டல் பண்ணுவான், கண்டுக்காதீங்க. வண்டியில ஏறுவோம். அங்க போனா வரிசையில நிப்போம். ஏறும்போது நான் முன்னாடி போவேன், நீங்க என் பையைப் பிடிச்சுட்டே வருவீங்க. நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன், நீங்க வெளிய பார்க்க வேண்டாம். அதுக்கப்புறம் ஆடும். என் கை இருக்கும்."

"லிஃப்ட் சாவி எங்கிட்டதாம்மா இருக்கு" என்றார். "நான்தான் நிறுத்தினேன்."

"அதுவும் தெரியும். நேத்து நீங்க எண்ணெய் போட்ட லிஃப்ட் இன்னிக்கு நிக்குமா?"

மோட்டார் உறுமியது. அவள் படிகளில் தடதடவென்று இறங்கிக் கீழே போனபோது லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே, மூடாத பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளையில் நீலக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். மடிப்பு மடிப்பாக இருந்தது. காலரில் ஒரு குண்டூசி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தம்பி ஏற இறங்கப் பார்த்தான். "என்ன மாமா, பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்கீங்க?"

யாரும் கண்டுகொள்ளவில்லை.

விமான நிலையத்தில் அவள் கைப்பையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைக் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லியிருந்தார் அவர். பழக்க தோஷம், கை தானாகப் போட்டுவிட்டது. "நீ மூட்டை முடிச்சையெல்லாம் சரியாச் சோதிக்கல" என்று அந்தப் பயத்திலும் ஒரு குத்தல் குத்தினார். முகம் வெளுத்திருந்தாலும் குத்தல் குறையவில்லை. அவளுக்கு அதில் ஒரு நிம்மதி.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. அவள் முன்னால் போனாள், அவர் பையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இப்போ ஓடும், இப்போ மூக்கைத் தூக்கும், இப்போ காது அடைக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடலுக்கு மேலே போனதும் விமானம் ஆடியது. லேசாக இல்லை, நன்றாகவே ஆடியது. லிஃப்ட்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்த பிடியில் அவளுக்கு விரல் நொறுங்கிவிடும் போல இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா" என்றார் கண் திறக்காமல். "பையில என்ன இருக்கு, சொல்லு."

அவள் மற்றக் கையால் பையை மடிக்கு இழுத்தாள். "கத்தரிக்கோல் இல்ல, அதைத்தான் பிடுங்கிட்டாங்களே. ரெண்டு சீப்பு. ஒரு டப்பா ஹேர்பின். உங்க காலர்ல எடுத்த குண்டூசி."

"அப்புறம்?"

"பாதி பன்."

"மீதிப் பாதி?"

"நான் தின்னுட்டேன். இது உங்களுக்கு."

அவர் கண்ணை மூடியபடியே கையை நீட்டினார்.